கண்மாய்ப் பந்தயமும் தேவிகா டீச்சரும்

காரைக்குடியில் கார் வைத்திருக்கிற எல்லாருக்கும் தேவிகா டீச்சரின் சிவப்பு ஸ்விஃப்டைத் தெரியும். அந்த வண்டியின் ஹாரன் சத்தத்தைக் கேட்டவர்கள்தான் குறைவு. அவள் ஹாரன் அடிக்க மாட்டாள். கண்ணாடியை இறக்கிவிட்டு வாயால் கேட்பாள். வலது பக்கம் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு இடது பக்கம் திரும்புகிறவன், எதிரே வண்டி வருவது தெரிந்தும் விளக்கைத் தணிக்காதவன், ரவுண்டானா நடுவில் நின்று போன் பேசுகிறவன், எல்லாரும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். செக்காலை ரோட்டில் ஒருத்தன், "பொம்பள வண்டிடா, ஒதுங்கிப் போ" என்று சொல்லப்போக, அவன் பின்னாலேயே டீக்கடை வரைக்கும் போய், "எறங்காதீக. இந்த ரெண்டு வண்டிக்கு நடுவுல ரிவர்ஸ்ல நிறுத்திக் காட்டிட்டு எறங்குங்க" என்று நின்றாள். அவனால் முடியவில்லை. அவன் டீ குடிக்காமலே போனான்.

கோபப்பட அவளுக்கு நியாயம் இருந்தது என்றுதான் நான் சொல்வேன். நம் ஊரில் வண்டி ஓட்டுகிற லட்சணத்துக்குக் கோபப்படாமல் இருப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் அப்படிப்பட்டவளின் கோபமும் ஒரு வருசம் ஆள் தெரியாமல் அலைந்தது. யார் யாரையோ போய்ச் சுட்டுவிட்டு, கடைசியில் அவள் வீட்டு வாசலிலேயே வந்து நின்றது.

அரியக்குடியைத் தாண்டி உள்ளே போகிற ரோட்டில் இருக்கிறது எருக்கலப்பட்டி. அதுதான் அவள் பிறந்த ஊர். அப்பா தங்கச்சாமிக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு ட்ராக்டரும் உண்டு. பள்ளிக்கூட லீவில் அந்த ட்ராக்டரில்தான் அவள் வண்டி ஓட்டப் பழகினாள். வரப்போரம் வந்ததும் எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும், எவ்வளவு அகட்டித் திருப்ப வேண்டும், திரும்பி முடிக்கும்போது எங்கே ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் உழவிலேயே அவளுக்கு வந்துவிட்டது. மதுரையில் ஹாஸ்டலில் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் ஃபார்முலா ஒன் பந்தயத்தைப் பார்த்தாள். மற்ற பெண்கள் சினிமா பார்க்க வேண்டும் என்று கத்தினார்கள். இவள் ரிமோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு கடைசிச் சுற்று வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். இத்தனை பேர் உலகத்தில் வரப்போரத் திருப்பத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறார்களா என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

பிறகு பி.எட். படித்தாள், அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர் ஆனாள். வட்டத்துக்குத் தொடுகோடு நடத்துகிற அன்றைக்குக் கரும்பலகையில் பந்தயப் பாதை வரைவாள். கணவர் பாண்டியராஜனுக்கு மானாமதுரையில் மின்வாரிய வேலை. சனிக்கிழமை வருவார், திங்கட்கிழமை போவார். நல்ல மனிதர். மனைவி ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அங்கே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்.

அவளைப் போன்ற கிறுக்குகள் ஊரில் இன்னும் சிலர் இருப்பது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவந்தது. ஞானசம்பந்தம், சென்னையில் ஸ்பேர் பார்ட்ஸ் வியாபாரத்தைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவர். அக்ஷய், சிங்கப்பூரில் படித்துவிட்டு வந்து நெற்குப்பையில் தங்கள் பெரிய வீட்டை ஹோட்டலாக்கி நடத்துகிற இளைஞன். இன்னும் ஒரு பல் டாக்டர், ஒரு டைல்ஸ் கடைக்காரர் என்று ஏழெட்டுப் பேர். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் எல்லாரும் வண்டியை எடுத்துக்கொண்டு திருப்பத்தூர்ப் பக்கம் போவார்கள். வழியில் டீ குடித்துக்கொண்டு டயரைப் பற்றி அரை மணி நேரம் சண்டை போடுவார்கள். பந்தயம் இருக்கிற ஞாயிறுகளில் சாயங்காலம் ஞானசம்பந்தம் வீட்டு ஹாலில் கூடிப் பெரிய டிவியில் பார்ப்பார்கள். அவர் மனைவி விசாலம் ஆச்சிக்குப் பந்தயம் புரியாது. வண்டி உள்ளே வந்து டயர் மாற்றும்போது மட்டும் எட்டிப் பார்ப்பார். "இம்புட்டு வேகமா வேலை பாக்குற பயலுகள நம்ம ஊர்ல எங்க போயித் தேட?" என்று கேட்டுவிட்டுச் இனிப்புச் சீயம் அடுக்கிய தட்டை நீட்டுவார்.

இந்தக் கூட்டத்தில் எல்லாருக்கும் ஒரு பைத்தியம் உண்டு. தேவிகாவின் பைத்தியம், ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தாழ்த்தியது. வண்டி தாழ்ந்தால் வளைவில் சாயாது, ரோட்டைப் பிடித்துக்கொண்டு போகும். அது உண்மைதான். ஆனால் வேகத்தடைகளால் ஆன ஒரு தேசத்தில் இருந்துகொண்டு இப்படிச் செய்யலாமா என்று பாண்டியராஜன் கேட்டார். அவருக்கு என்ன பதில் கிடைத்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பார்த்துக்கொண்டே இருந்தால் போதுமா, நாமும் ஒரு பந்தயம் வைக்கலாமே என்று ஆரம்பித்தது அக்ஷய்தான். பொது ரோட்டில் வைப்பதை தேவிகா கேட்கவே தயாராக இல்லை. ரோட்டில் பந்தயம் விடுகிறவனைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்பது அவள் கட்சி. "எங்க ஊர்க் கண்மாய் வத்திக் கெடக்கு. சித்திரை, வைகாசியில தரை சிமிண்டுத் தளமாட்டம் இருக்கும். அதுக்குள்ள ஒவ்வொரு காரா விடுவோம். யாரு சீக்கிரம் சுத்தி வாராகன்னு பாப்போம்" என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

கண்மாய்க்குள் எது நடந்தாலும் ஊரைக் கேட்காமல் நடக்காது. எருக்கலப்பட்டியில் அதற்கும் மேலே ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் வற்றுகிற நேரத்தில் மீன்பிடித் திருவிழா நடக்கும். சுற்றுப்பட்டு ஜனமெல்லாம் வலையும் ஊத்தாவுமாக வந்து கரையில் நிற்கும். ஊத்தா என்பது அடியில்லாத மூங்கில் கூடை. சேற்றில் கவிழ்த்து, மேல் வாய் வழியாகக் கையை விட்டு மீனை எடுப்பார்கள். தங்கச்சாமி கரைமேல் ஏறி, அய்யனாரைக் கும்பிட்டுவிட்டு, தோளில் கிடக்கும் வெள்ளைத் துண்டைத் தலைக்கு மேலே வீசுவார். அதற்கு வெள்ளை வீசுவது என்று பெயர். அவர் வீசுகிற வரைக்கும் ஒருத்தரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. வெள்ளை வீசுகிறவர் தன் கையால் மீன் பிடிக்கவும் கூடாது. ஊர்தான் அவர் வீட்டுக்கு மீன் கொடுத்தனுப்பும். கண்மாயின் நல்லது கெட்டதுக்கு அவரே பொறுப்பு என்பது அதன் அர்த்தம்.

அய்யனார் கோயிலில் ஊர்க்கூட்டம் போட்டுப் பேசினார்கள். சேதுபதி என்பவர் மட்டும் முகத்தைச் சுளித்தார். கண்மாய்க்கு முதல் மடையில் அவருக்கு நிலம்.

"கம்மாய்க்குள்ள காரு விடுறீக, சரி. மடைக்கோ வரத்துக்காலுக்கோ ஒண்ணு ஆச்சுன்னா யாரு வந்து நிப்பா?"

வரத்துக்கால் என்பது மேற்கே பொட்டலில் பெய்கிற மழையையெல்லாம் இழுத்துக்கொண்டு வந்து கண்மாயில் சேர்க்கிற ஓடை. அது இல்லாவிட்டால் கண்மாய் வெறும் பள்ளம்.

"நாந்தான் நிப்பேன் சித்தப்பா" என்றாள் தேவிகா. "எப்பிடி எடுத்தமோ அப்பிடியே திருப்பிக் குடுப்போம். சாமி முன்னால சொல்றேன்."

"எம்மக சொன்னா நான் சொன்ன மாதிரி" என்றார் தங்கச்சாமி. "அந்த ஓட்டத்துக்கும் நானே வெள்ளை வீசுறேன். போதுமா?"

சேதுபதி அதற்கு ஒத்துக்கொண்டார். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள்.

வைகாசியில் நடந்தது பந்தயம். பழைய டயர்களுக்குச் சிவப்பும் வெள்ளையும் அடித்து வளைவுகளில் வைத்தார்கள். முதல் நாள் ஒத்திகையில் தேவிகாவின் தாழ்ந்த வண்டி பல இடத்தில் இடித்தது. இறங்கி வந்து எல்லார் முன்னாலும் அக்ஷயைப் பிடித்துக் காய்ச்சி எடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் கரையில் ஊரே நின்றது. தங்கச்சாமி துண்டை வீச, ஒவ்வொரு காராகப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய் வந்தன. தேவிகா கடைசியில் இறங்கினாள். முதல் நாள் அத்தனை இடித்த வண்டி அன்றைக்கு இடிக்கவே இல்லை. ஓட்டம் கைக்கு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். கடைசி நேர் ஓட்டத்தில் மூன்றாவது கியரைக் கீழே இறக்காமல் அப்படியே மிதித்தாள். அவளைவிட வேகமாகச் சுற்றி வந்தவர்கள் யாரும் இல்லை. தங்கச்சாமி கரையில் நின்று, வீச வேண்டாத நேரத்தில்கூடத் துண்டைச் சுழற்றிக்கொண்டிருந்தார். கோப்பையை வீட்டில் டிவிக்கு மேலே வைத்தார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து ஊர்க் கண்மாய்கள் எல்லாம் நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியே வழிந்து ஓடியது. எருக்கலப்பட்டிக் கண்மாயின் நடுவில் மட்டும் எருமை புரளுகிற அளவுக்குத் தண்ணீர் கிடந்தது, அதுவும் நேராக அதன்மேல் பெய்த மழை. நாற்றுப் பாவியவர்கள் வானத்தைப் பார்க்கவில்லை, மேற்கே பார்த்தார்கள். ஓடைக்கு மேல்பக்கத்து ஊரான மேலூர்க்காரர்கள்தான் அதை மறித்துத் தங்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள் என்று ஒருவர் சொல்ல, ஊரே அதைப் பிடித்துக்கொண்டது.

தேவிகாவுக்குத் தகவல் வந்தபோது அவள் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பேனாவை மூடாமல் எழுந்தாள். காரை எடுத்துக்கொண்டு நேரே மேலூருக்குப் போய், அவர்கள் கோயில் வாசலில் நிறுத்தி, "அடுத்த ஊரு வயித்துல அடிச்சுட்டுச் சோறு எறங்குதா ஒங்களுக்கு?" என்று ஆரம்பித்தாள். அவள் படித்த படிப்பு, பார்க்கிற உத்தியோகம் எதையும் பார்க்காமல் பேசினாள். மேலூர்க்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. அங்கே இருந்த ஒரு பெண், பெயர் காளியாயி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"டீச்சரு! எங்க பக்கம் ஓட தொறந்துதான் கெடக்கு. கண்ணு இருந்தா நடந்து போயிப் பாருங்க. பாத்துட்டு வந்து பேசுங்க."

"பாக்கத்தான் போறேன். பாத்துட்டு வந்து ஒங்கள வச்சுக்கிறேன்."

வாத்தியார் வேலை பார்க்கிறவள் வாயில் வரக்கூடாத வார்த்தைதான். ஆனால் வந்துவிட்டது.

அது கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஓடை வழியே நடந்தாள். சீமைக்கருவேல முள் இரண்டு பக்கமும் மூடிக் கிடந்தது. வழக்கமாக ஆவணியில் நூறு நாள் வேலைக்காரர்கள் அந்தப் பக்கம் வந்து முள்ளை வெட்டிவிடுவார்கள். அந்த வருசம் அவர்களுக்கு வேறு பக்கம் வேலை போட்டுவிட்டார்கள். அதனால் யாரும் அங்கே எட்டிப் பார்க்கவில்லை. மேலூர் எல்லையிலிருந்து தண்ணீர் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. கண்மாய்க்குள் நுழைகிற இடத்தில் அது திடீரென்று நின்று, பக்கவாட்டில் வழிந்து, தாழ்ந்த பொட்டல் வழியாக ஒன்றுக்கும் உதவாமல் போய்க்கொண்டிருந்தது. ஓடையை ஒரு பெரிய வீட்டு அகலத்துக்கு மண் போட்டு மூடியிருந்தார்கள். கார் ஓடி ஓடி இறுகிய மண், மழைக்குக்கூட இளகவில்லை. அதன் மேல் சிவப்பும் வெள்ளையும் அடித்த டயர் ஒன்று கிடந்தது.

தங்கச்சாமி அந்த டயரைக் காலால் தொட்டுப் பார்த்தார். பிறகு மண்மேல் உட்கார்ந்துவிட்டார். அதைத்தான் தேவிகாவால் தாங்க முடியவில்லை.

ஞானசம்பந்தம் வீட்டுக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. வருசத்தின் கடைசிப் பந்தயம், அபுதாபியில். ஹாலில் எல்லாரும் டிவிக்கு முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். முழங்கால் வரைக்கும் சேறோடு அவள் உள்ளே வந்ததை முதலில் பார்த்தது விசாலம் ஆச்சிதான்.

"என்ன டீச்சர், எங்கயும் விழுந்துட்டீகளா?"

"அக்ஷய், எந்திரி."

"அக்கா, பத்தே பத்து லாப்புதான் இருக்கு. முடிஞ்சதும் பேசுவோம். இப்ப லீடிங்ல..."

அவள் போய் டிவியின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். அந்தக் கூட்டத்தில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. டைல்ஸ் கடைக்காரர் "அய்யய்யோ" என்று எழுந்தே விட்டார்.

"எங்க ஊரு வரத்துக்கால யாருடா மூடுனது?"

அக்ஷய்க்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்தது. பணக்கார வீட்டுப் பிள்ளைதான், ஆனால் பொய் சொல்லத் தெரியாதவன். "ஜேசிபிக்காரர்ட்ட சொல்லியிருந்தேங்க்கா. பந்தயம் முடிஞ்சதும் தோண்டி விட்டுருங்கன்னு. அவரு செஞ்சிருப்பாருன்னு நெனச்சேன்."

"நெனச்சியா? வெள்ளாமை போச்சு. எங்கப்பா அந்தக் கரையில தல நிமிந்து நடக்க முடியாது. நீ நெனச்சியா? யாரக் கேட்டுடா அதுல மண்ணப் போட்ட?"

அவன் திகைத்துப்போய் அவளையே பார்த்தான்.

"அக்கா... நீங்கதானக்கா சொன்னீக. ஒத்திகை அன்னைக்கு. 'அந்த ஓடை குறுக்க வர்ற எடத்துல வண்டி அடி தட்டுது, ஆயில் சட்டி ஒடஞ்சா நீயா வாங்கித் தருவ, நாளைக்குள்ள அதச் சரி பண்ணு'ன்னு திட்டிட்டுப் போனீக. அதுனாலதான் அன்னைக்கே ஜேசிபிய வரச் சொன்னேன். ஒங்களுக்காகத்தான்."

தேவிகாவுக்கு நினைவு வந்தது. அவள் சொல்லியிருந்தாள். அதே வார்த்தைகள். மறுநாள் அந்த இடத்தின் மேலேயே மூன்றாவது கியரில் போயிருந்தாள். சக்கரத்துக்குக் கீழே தரை வழவழவென்று ஓடியது, அவள் சந்தோஷப்பட்டாள். பிறந்ததிலிருந்து தெரிந்த ஓடை அங்கே இல்லை என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. ஒரு தடவைகூட, இந்தப் பள்ளம் எங்கே போச்சு என்று கேட்கவில்லை. மேலூருக்குப் போய் அவ்வளவு பேசினாளே, அத்தனை வார்த்தையும் இப்போது திரும்பி வந்து அவள் முகத்தில் அறைந்தது. பிடுங்கிய ஒயரை டீப்பாய் மேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் அக்ஷய் ஜேசிபி அனுப்பினான். அது பாதி வழியிலேயே சேற்றில் அச்சு வரை புதைந்தது. கடைசியில் ஊர் ஜனம்தான் மண்வெட்டியோடு இறங்கித் தோண்டியது. தேவிகா லீவு போட்டுவிட்டு அவர்களோடு நின்று வெட்டினாள். கை கொப்புளித்து உடைந்தது. யாரும் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஓடை திறந்து தண்ணீர் உள்ளே போனபோது மழைக்காலம் முடிகிற தறுவாய். கண்மாயில் முழங்கால் அளவு சேர்ந்ததோடு வானம் வெளுத்துவிட்டது. கீழ் மடைக்காரர்கள் நாற்றை மாட்டுக்கு அறுத்துப் போட்டார்கள். அவள் மேலூருக்கும் போனாள். காளியாயியிடம், "தப்பு எங்க பக்கந்தான். நான் பேசுனதும் தப்பு" என்றாள். காளியாயி, "அதான் தெரியுமே" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டாள்.

மறுபடி அய்யனார் கோயிலில் கூட்டம். தேவிகா எழுந்து, "மூடச் சொன்னது நாந்தான். அந்தப் பையன் இல்ல. என்ன தண்டனைன்னாலும் எனக்குக் குடுங்க" என்றாள்.

சேதுபதி அவளைப் பார்க்கவில்லை. தங்கச்சாமியைத்தான் பார்த்தார். "ஒனக்கு என்ன தண்டன குடுக்குறது ஆத்தா? நீ கட்டிக்குடுத்த பொண்ணு, வந்துட்டுப் போறவ. வெள்ளை வீசுறேன்னு சொன்னது ஒங்கப்பாதான?"

"அவரு என்ன பண்ணுனாரு? அவரு மேல ஏன் போடுறீக?" தேவிகா கத்தினாள். கோபத்தில் குரல் உடைந்தது. "நான் செஞ்சதுக்கு அவர ஏன்..."

தங்கச்சாமி எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். சாமி முன்னால் வைத்தார். "அவரு சொல்றது சரிதான் ஆத்தா. நீ உக்காரு" என்றார். அவள் உட்காரவில்லை. கூட்டம் முடிகிற வரைக்கும் நின்றுகொண்டே இருந்தாள். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் டிவிக்கு மேலே இருந்த கோப்பையை எடுத்துப் பரணில் எறிந்தாள்.

பங்குனியில் கண்மாய் சீக்கிரமே வற்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன்பிடி. சேதுபதி கரைமேல் ஏறி வெள்ளை வீசினார். நன்றாகத்தான் வீசினார், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஜனம் ஓடியது. அந்த ஓட்டத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாரிடமோ கடன் வாங்கிய ஊத்தாவோடு தங்கச்சாமியும் இறங்கினார். எல்லாரும் பிடித்த பிறகு மிஞ்சிய கலங்கலில் அவர் ஊத்தாவைக் கவிழ்த்தார், கையை விட்டுத் துழாவினார், எடுத்தார், மறுபடி கவிழ்த்தார். இத்தனை வருசம் கரையில் நின்றவர். அவருக்கு எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. பக்கத்தில் ஒரு பையன் சிரித்தான். கரையில் நின்ற தேவிகாவுக்கு அந்தப் பையனை இழுத்து ஓர் அறை விட வேண்டும் போல இருந்தது. விடுவதற்கு அவளுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அப்போதுதான் போன் அதிர்ந்தது. கார்க்காரர்கள் வாட்ஸ்அப் குரூப். அவள் அதில் பேசி மாதக்கணக்காகிறது, வெளியே வரவும் இல்லை. அக்ஷய் படம் போட்டிருந்தான். நெற்குப்பைக்குப் பக்கத்தில் வேறொரு ஊர்க் கண்மாய். காய்ந்த தரை, கொடிகள், சிவப்பும் வெள்ளையுமாக டயர்கள். கீழே எழுதியிருந்தான்: 'இன்னைக்கு மதியம் ஒத்திகை. ஊர்ல பேசியாச்சு, கோயிலுக்குப் பெயிண்ட் நம்ம செலவு. ஓடையெல்லாம் சமம் பண்ணியாச்சு. முடிஞ்ச அன்னைக்கே தோண்டிருவோம், இந்தத் தடவை மறக்க மாட்டோம். தேவிகா அக்கா, கோவத்த விட்டுட்டு வாங்க. வண்டி அடி தட்டாது.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். கரையிலிருந்து இறங்கி, ஓடை ஓரத்தில் யாரோ சாத்தி வைத்திருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காருக்கு நடந்தாள். டிக்கியில் ஹெல்மெட் இருந்தது. அதை எடுத்துப் பின் சீட்டில் போட்டுவிட்டு மண்வெட்டியை உள்ளே வைத்தாள்.

"எங்குட்டு ஆத்தா?" தங்கச்சாமி சேற்றோடு கரையேறி வந்திருந்தார். ஊத்தா வெறுமையாக இருந்தது.

அவள் போனை நீட்டினாள். அவர் கண்ணைச் சுருக்கிப் படத்தைப் பார்த்தார். எழுத்தை அவள் படித்துக் காட்டினாள். அவர் முன் கதவைத் திறந்து ஏறினார். செருப்பைக் கழற்றாமல் யாரையும் ஏற்றாத வண்டி அது. கால் சேறும் ஊத்தாவின் சேறும் சீட்டெல்லாம் அப்பின. அவள் அதைப் பார்க்கவே இல்லை.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் வந்திருந்தார்கள். சிவப்பு ஸ்விஃப்டைப் பார்த்ததும் கை தட்டினார்கள். ஞானசம்பந்தம், "வாங்க டீச்சர், நீங்க இல்லாம சப்புன்னு இருந்துச்சு" என்றார். அக்ஷய் ஓடி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"வருவீகன்னு எனக்குத் தெரியுங்க்கா. பாருங்க, எப்பிடி இருக்கு தரை? ஒங்க வண்டிக்காகவே ரெண்டு தடவ சமம் பண்ணச் சொன்னேன்."

"இந்த ஊருக்கு வெள்ளை வீசுறவரு யாரு?" என்று கேட்டாள் தேவிகா.

"யாரு?"

"மீன்பிடிக்கு வெள்ளை வீசுறவரு. கேட்டியா? யாருன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியலையேக்கா. எதுக்கு?"

அவள் பின்னால் போய் டிக்கியைத் திறந்தாள். ஹெல்மெட் எடுக்கிறாள் என்று நினைத்து யாரோ விசில் அடித்தார்கள். மண்வெட்டியோடு அவள் நடந்து போய், இரண்டு பக்கமும் கொடி நட்டிருந்த நேர் ஓட்டத்தின் நடுவில், மூடிய ஓடையின் தடம் இன்னும் லேசாகத் தெரிகிற இடத்தில் நின்றாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் வெட்டை வெட்டினாள். தங்கச்சாமி எதிர்ப்பக்கம் குனிந்து, வெட்டிய மண்ணை வெறும் கையால் அள்ளி வெளியே தள்ளினார்.

"அக்கா, என்ன பண்றீக? மதியம் ஓட்டம் இருக்குக்கா. வண்டியெல்லாம்..."

"ஓட்டுங்கடா" என்றாள் அவள், நிமிராமல். "அடி தட்டட்டும்."

அடுத்த வெட்டு இன்னும் ஆழமாக விழுந்தது.